ஐந்தாவது கிலோமீட்டர்

கைக்கடிகாரத்தின் கணக்குப்படி
என் ஆயுளின் வேகமான கிலோமீட்டர்
ஐந்து நிமிடம் பன்னிரண்டு வினாடி.
அது என்னுடையதல்ல.
கடச்சனேந்தலுக்குச் சற்று முன்னால்
மரக்கடை வாசலில் படுத்திருக்கும்
ஒரு செவலை நாயினுடையது.
மற்றவை எல்லாம் ஏழரைக்கு மேல்;
அவை என் சுயசம்பாத்தியம்.

கோர்ட்டுக்கு எதிரே ஜெராக்ஸ் கடை எனக்கு.
பகல் முழுக்க நின்றே பிழைப்பு.
கண்ணாடிக்கடியில் வெளிச்சக்கோடு
போகும், திரும்பும், போகும்.
சாயங்காலம் மெஷின்
மூவாயிரத்துச் சொச்சம் என்று காட்டும்.
அவ்வளவு நடந்த வெளிச்சம்
ஒருநாளும் கடைப்படி தாண்டியதில்லை.

நாற்பத்தேழு வயதில், ஒரு மத்தியானம்,
பேப்பர்க்கட்டோடு மாடியேறும்போது
ஒன்பதாம் படியில் உட்கார்ந்துவிட்டேன்.
ஏறவும் தோன்றவில்லை, இறங்கவும்.
மேலே பல் கிளினிக்கில் இருக்கும் பர்வீன்
எட்டிப் பார்த்துச் சொன்னாள்:
"ஞாயித்துக்கெழமை காலைல வாங்கண்ணே.
ஓட வேணாம். சும்மா வந்து நில்லுங்க."
நிற்பதுதானே. போனேன்.

நாலே முக்கால் இருட்டில் ஏழெட்டுப் பேர்.
மின்வாரியத்து ஆசீர்வாதம்
கம்பத்தில் சாய்ந்து கெண்டைக்காலை இழுத்துக்கொண்டிருந்தார்.
சாயப்பட்டறை துவாரகநாத்
பன்னிரண்டு வார அட்டவணை ஒன்றை
என் கடையிலேயே பிரதியெடுத்து
எனக்கே ஒன்று கொடுத்தார்.
அதில் 'ஓய்வு' என்றிருந்த கட்டங்களை மட்டும்
நான் ஒருமுறையும் தவறவிட்டதில்லை.

ஓட்டம் முடிந்து
பருத்திப்பால் வண்டியருகே ஒருநாள் பேச்சு வந்தது,
யார் எதற்கு ஓடுகிறோம் என்று.
ஆசீர்வாதத்துக்குச் சர்க்கரை.
துவாரகநாத்தின் மச்சினன்
சென்னையில் நாற்பத்திரண்டு ஓடி
மாலையும் கழுத்துமாகப் படம் அனுப்பியிருந்தான்.
பர்வீன் டம்ளரை ஊதிக்கொண்டே சொன்னாள்:
"அஞ்சுக்கு எந்திரிச்சா அடுப்பு.
நாலுக்கு எந்திரிச்சா ரோடு."
நான் நாயைச் சொன்னேன். சிரித்தார்கள்.

சிரித்த நேரமோ என்னவோ,
ஐப்பசி மழைக்குப் பிறகு
நாய் குரைப்பதை நிறுத்திவிட்டது.
முதலில் ஒரு கண்ணைத் திறந்து பார்த்தது.
பிறகு வாலாட்டியது.
அதற்கப்புறம் கண்மாய்க் கரைவரை
கூடவே ஓடிவந்து
சொல்லாமல் திரும்பிப் போகும்.
ஐந்தாவது கிலோமீட்டர்
ஏழு நாற்பதுக்கு வந்துவிட்டது.
வேண்டுமென்றே தரையைத் தட்டி,
பயந்தவன்போல் பாய்ந்து பார்த்தேன்.
பொய்ச்சாட்சியைப் பார்ப்பதுபோல் பார்த்தது.

தை மாதம், இருபத்தொன்று.
பத்து வரைக்கும் பேச்சு இருந்தது.
பதினாலில் பர்வீன் ஒரு புள்ளியானாள்.
ஒத்தக்கடை தாண்டியும்
யானைமலை நகரவேயில்லை;
நான் ஓடிய ஓட்டமெல்லாம்
அதற்கு முன்னால் நின்ற இடமாகவே இருந்தது.
பதினேழில் கால்கள் இரண்டும்
அந்த ஒன்பதாம் படிக்கே போய் உட்கார்ந்தன.
விரட்ட நாய் இல்லை,
மச்சினன் இல்லை, சர்க்கரையும் இல்லை.
பின்னால் ஆம்புலன்ஸ் மட்டும்
மரியாதையான தூரத்தில்.

தினம் என் கடைவரைக்கும் கேட்கும் குரல் அது:
டவாலி வராந்தாவில் நின்று
மூன்று தடவை கூப்பிடுவார்.
மூன்றாவதுக்கும் ஆள் வரவில்லையென்றால்
எக்ஸ்பார்ட்டி.
நானே கூப்பிட்டேன், வாய்விட்டு:
சோணைமுத்து...
சோணைமுத்து...
ஆண்டிச்சாமி மகன் சோணைமுத்து...
கரும்புச்சாறு வண்டிக்காரர்
யாரைத் தேடுகிறேன் என்று திரும்பிப் பார்த்தார்.
ஆஜர், என்று சொல்லி
அவரைத் தாண்டினேன்.
அந்த ஒன்றைத் தாண்டியதும் மறுபடி கூப்பிட்டேன்.
இருபது வரை இப்படியே
வாய்தா வாங்கிக்கொண்டு போனேன்.

இரண்டு மணி ஐம்பத்தொன்று.

திங்கட்கிழமை துவாரகநாத் வந்து
சான்றிதழைக் கண்ணாடியில் கவிழ்த்தார்.
"கலர்ல ஒண்ணு. மச்சினனுக்கு."
காசு வாங்கினேன்.

செவ்வாய் காலையில்
வலது தொடை படியிறங்க மறுத்தது.
ஆனாலும் போனேன், நடந்தே.
ஐந்தாவது கிலோமீட்டர், பதினான்கு நிமிடம்.
செவலை சோம்பல் முறித்து எழுந்து
எனக்கு முன்னால் போயிற்று.
ஒவ்வொரு விளக்குக் கம்பத்தடியிலும்
தன் வேலைக்காக நின்றது.
எனக்காக நின்றதென்றுதான்
பர்வீனிடம் சொல்லியிருக்கிறேன்.